பெத்தவ சொல்லட்டும்

ஜன்னலோரம் நீயே உக்காரு தாயி. எனக்கு எந்த ஓரமா இருந்தா என்ன? கோவில்பட்டி வரைக்கும்தான? நானும் அங்கதான் எறங்கணும். அங்கேருந்து எங்க ஊருக்கு இன்னொரு டவுன் பஸ்ஸு பிடிக்கணும்.

கண்ணு ஏன் செவந்திருக்குன்னா கேக்க? காத்துத்தான். புழுதிக் காத்து. சரி, காத்து இல்ல. முன்ன பின்ன தெரியாத உன்கிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது. மக வீட்டுக்குப் போயிட்டு வாரேன். விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு ஒரு ஊரு. ஏழு மாசமா அவ எங்கூடப் பேசல. எனக்கு ஒத்தப் பிள்ளை தாயி, செண்பகம்னு பேரு. பெத்தவகிட்ட ஏழு மாசம் வாயத் தொறக்காம இருக்கணும்னா அந்த நெஞ்சு கல்லா இருக்கணும்ல? நான் முழுசும் சொல்றேன். கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீ சொல்லு. நீ எனக்கு ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. ஞாயமாச் சொல்லுவ.

எம் பேரு ஆவுடைத்தாயி. எங்க பக்கத்துல நாலஞ்சு ஊர்ல போயி கேட்டுப் பாரு, தெரியாதுன்னு ஒருத்தர் சொல்ல மாட்டாக. எதுக்குத் தெரியும்னா, அதை எப்படிச் சொல்ல. ஒரு வீட்டுல ஆம்பள போயிட்டான்னு வையி. பதினாறாம் நாளு அவன் பொண்டாட்டி கழுத்துலேருந்து தாலி வாங்கணும். பூவ எடுக்கணும், பொட்ட அழிக்கணும், வளையலக் கழட்டணும். அதை மஞ்சக் குங்குமத்தோட இருக்கவ செய்யக் கூடாது. என்னைய மாதிரி ஏற்கெனவே அத்துப் போனவதான் செய்யணும். எங்க சனத்துல அதான் முறை. அதுக்கு என்னையத்தான் கூப்பிடுவாக. வேற ஆளு இல்லாம இல்ல. எங் கை மெதுவு, அதனால கூப்பிடுவாக.

சிரிக்காத. மெதுவுன்னா சும்மாவா? எனக்கு நடந்தது உனக்குத் தெரியாது. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. அவுக கெணறு வெட்டப் போன எடத்துல வெடி முந்தி வெடிச்சுப் போச்சு. செண்பகத்துக்கு மூணு வயசு. பதினாறாம் நாளு நாலு பேரு என்னையப் பிடிச்சு உக்கார வச்சாக. ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சு மோதுனாக பாரு, கண்ணாடி உள்ள ஏறிருச்சு. இந்தா, மணிக்கட்டத் தொட்டுப் பாரு, இன்னும் மேடு தட்டும். தாலிய அரிவாள வச்சு அறுக்கும்போது கழுத்துலயும் ஒரு கீறல். அன்னிக்கு நான் நெனச்சேன், ஏ பாவிகளா, இதையே கொஞ்சம் மெதுவாச் செஞ்சா உங்க குடியா முழுகிப் போயிரும்? மெதுவான்னுதான் நெனச்சேன் தாயி. வேண்டாம்னு நெனைக்கல. அப்படி ஒண்ணு நெனைக்கலாம்னே எனக்குத் தெரியாது.

அப்புறம் எங்க தெருவுலயே ஒருத்திக்கு ஆச்சு. போயி நின்னேன். நான் செய்றேன்னு சொன்னேன். அன்னிலேருந்து நான்தான். நான் போனா மொதல்ல அங்க நிக்கிற கூட்டத்தக் கலைப்பேன். வேடிக்க பாக்க இது என்ன கூத்தா? போங்கன்னு வெரட்டிருவேன். தேங்காண்ணெயச் சூடு பண்ணி வாங்கி அந்தப் பிள்ளை கையில நல்லாத் தடவி, பெருவெரலுக்குக் கீழ இப்படி அமுக்கி, ஒவ்வொண்ணா உருவுவேன். முறைக்கு ஒரே ஒரு வளையல ஒடைக்கணும். அதையும் துண்டுல சுத்தித்தான் ஒடைப்பேன். ஒரு சில்லு தெறிக்காது. தாலிய அறுக்க மாட்டேன், பின்னால முடிச்ச அவுப்பேன். அவுத்துப் பால் சொம்புல போட்டுட்டு, ‘கண்ண மூடிக்கோ ஆத்தா, முடிஞ்சுது, முடிஞ்சுது’ன்னு காதுல சொல்லுவேன். பதினேழு பேருக்குச் செஞ்சிருக்கேன். ஒரு கையில ஒரு கீறல் காட்டச் சொல்லு, நான் என் காத அறுத்துத் தாரேன்.

அந்தப் பதினேழு பேருல ஒருத்தியும் தெருவுல என்னையப் பாத்தா நிக்க மாட்டா. சேலைய இழுத்து விட்டுக்கிட்டு விறுவிறுன்னு போயிருவா. வெக்கம் போலுக்கு.

இன்னொண்ணு கேளு, இதுதான் வேடிக்க. கல்யாண வீட்டுக்குப் போனா என்னைய எவனும் வான்னு சொல்ல மாட்டான். நான் எதுக்க வந்துட்டேன்னா வண்டிய நிப்பாட்டித் தண்ணி குடிச்சுட்டுத்தான் கெளம்புவான். அதே ஆளு அவன் வீட்டுல எழவுன்னா, ‘ஆவுடைத்தாயி மதினிக்கு நாற்காலி போடுங்கப்பா’ன்னு சத்தம் குடுப்பான். காப்பி வரும். எனக்கும் எங்க ஊர்ல ஒரு நாற்காலி இருந்துச்சு தாயி. தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருசம் தரையில உக்காந்து குச்சி அடுக்குனவளுக்கு அதுவே பெருசு. அதை நான் ஒளிக்க மாட்டேன்.

செண்பகத்தப் பன்னெண்டு வரைக்கும் படிக்க வச்சேன். நல்ல எடத்துல கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை தவசிமுத்துவுக்குப் போர்க்கெணறு போடுற எடத்துல மோட்டார் மாட்டுற வேல. தங்கமான பையன். கல்யாணத்தன்னிக்கு நான் மண்டபத்துக்குப் பின்னால சமையல் பண்ற எடத்துல உக்காந்துக்கிட்டேன். யாரும் போகச் சொல்லல, நானாத்தான் போனேன். நமக்கே தெரிய வேண்டாமா? தாலி கட்டப் போற நேரம், சம்மந்தகாரி குருவம்மா என்னையத் தேடிக்கிட்டு அங்க வாரா. ‘மதினி, பெத்தவ இல்லாம எப்படி, வாங்க மேடைக்கு’ன்னு கையப் பிடிச்சு இழுக்கா. நான் போகல. உள்ள கெட்டிமேளம் கேட்டுச்சு. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணுல தண்ணி வந்தும் யாரும் ஒண்ணும் கேக்கல.

குருவம்மா ஒரு வெள்ளந்தி. நல்லது கெட்டது தெரியாது அவளுக்கு. இந்தக் கதையில பாதிக் கோளாறு அவளாலதான்.

போன ஆவணியில மாப்பிள்ளை போயிட்டாரு. மோட்டார் மாட்டும்போது கரண்டு. முப்பத்திநாலு வயசு. போன் வந்து நான் போயிச் சேர்றதுக்குள்ள எம் மக தொண்ட கட்டிப் போயி உக்காந்திருக்கா. என்னையப் பாத்ததும், ‘யம்மா, உனக்கு நடந்த மாதிரியே எனக்கும் நடந்துருச்சே’ன்னா. அந்தச் சொல்லுக்கு நான் அன்னிக்கே செத்திருக்கணும். பட்ட காலுலயே படும்னு சும்மாவா சொன்னாக. பதினாறு நாளும் அங்கனயே கெடந்தேன். அவளுக்குச் சோறு ஊட்டி விட்டேன், தல சீவி விட்டேன். அவளுக்கு ஒரு மக, அஞ்சு வயசு. தன்ஷிகாவாம் பேரு, என் வாயில நுழையாது, நான் தனுன்னுதான் கூப்பிடுவேன். அது எம் மடியிலதான் தூங்கும். அந்தப் பதினஞ்சு நாளும் நாங்க மூணு பேரும் ஒரே பாயிலதான் படுத்தோம்.

பதினஞ்சாம் நாள் சாயங்காலம் பங்காளிக எல்லாரும் முத்தத்துல கூடுனாக. மறுநாள் விசேஷத்துக்கு என்ன ஏதுன்னு பேசணும்ல. அப்ப குருவம்மா உள்ளேருந்து வந்தா. முந்தியில மூக்கச் சிந்துனா. எல்லாரையும் பாத்து, ‘எம் மகன் போயிட்டான், அது எங்க தலவிதி. அதுக்காக இந்தப் பிள்ளைய எதுக்கு உசுரோட சாகடிக்கணும்? எம் மருமவ பூவும் பொட்டுமா இருந்துட்டுப் போறா. இந்த வீட்டுல யாரும் தாலி வாங்க வேண்டாம்’னு சொல்லிட்டா.

குருவம்மா புருசன், சம்மந்தி அண்ணன், தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘அவ சொல்றது எனக்கும் சரின்னுதான் படுது’ன்னாரு. வெயில்முத்துப் பெரியவருன்னு ஒருத்தரு, அவருதான் அங்க மூத்தவரு. தாடியத் தடவுனாரு. பெறகு சொன்னாரு, ‘மாமியாக்காரி பாசத்துல பேசுதா. நாளைக்கு நம்மள யாரும் கொற சொல்லக் கூடாது. பெத்தவ இருக்காள்ல? பெத்தவ சொல்லட்டும். அவ வேண்டாம்னா வேண்டாம்.’

எல்லாரும் என்னையப் பாத்தாக தாயி.

அம்பது பேரு கூடுன எடத்துல எங்கிட்ட எவன் என்னத்தக் கேட்டிருக்கான் இதுவரைக்கும்? எம் புருசன் போனப்பக் கேட்டாகளா? எம் மக கல்யாணத்துல கேட்டாகளா? செண்பகம் கதவுக்குப் பின்னாடி நின்னுருக்கா. ஓடி வந்து எங் காலப் பிடிச்சுக்கிட்டா. ‘யம்மா, வேண்டாம்னு சொல்லும்மா. நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா.’ கழுத்த ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு இருக்கா.

சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சத்தியமாச் சொல்றேன். அப்பப் பாரு, வாசப்பக்கம் சீனிக்கனி நிக்கா. எங்க ஊர்க்காரி, துட்டி கேக்க வந்திருந்தா. அவளுக்கு அதுக்கு முந்துன வருசந்தான் நான் தாலி வாங்குனேன். இருபத்திநாலு வயசு அவளுக்கு, வயித்துல பிள்ளை வேற. அவ என்னையவே பாக்கா. கண்ணு சிமிட்டாமப் பாக்கா. அவளுக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு பேரு, அதுகளும் நான் வாங்குனதுகதான். இப்ப நான் வேண்டாம்னு சொன்னா இதுக என்ன நெனைக்கும்? ஊரான் மகளுக்கு ஒரு ஞாயம், தன் மகளுக்கு ஒரு ஞாயமான்னு கேக்காதா? கேக்காட்டாலும் எனக்குத் தெரியாதா? ஊரு வாய மூட ஒலமூடி உண்டா?

அது மட்டும் இல்ல. உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன. வேண்டாம்னு சொன்னா முடிஞ்சு போற காரியமா இது? ஒரு வார்த்தையில நிக்கிற காரியமா? அப்ப எனக்கு ஏன் ஒருத்தரும் அந்த ஒரு வார்த்தையச் சொல்லல? எங்க அம்மா அங்கதான நின்னா, அவ ஏன் சொல்லல? நான் ஏன் அந்தப் பதினேழு பேருக்குச் சொல்லல? நெஞ்சுல இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுந்துச்சு. ‘முறைன்னு ஒண்ணு இருக்குல்ல’ன்னுட்டேன். எஞ் சத்தம் எனக்கே யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு.

செண்பகம் எங் கால விட்டுட்டா.

மறுநாள் விடியக்காலம் நான்தான் செஞ்சேன். வேற யாரு செய்வா? வேற எவ கையிலயாவது எம் பிள்ளையக் குடுப்பேனா? கூட்டத்தக் கலைச்சேன். குருவம்மா அடுப்படிக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு ஓன்னு அழுதா. நான் அழல. எண்ணெயச் சூடு பண்ணித் தடவுனேன். அந்தக் கைய அவ பெறந்ததுலேருந்து பாக்கேன் தாயி, பல்லு மொளைக்கிற காலத்துல இந்த வெரலத்தான் கடிப்பா. ஒவ்வொண்ணா உருவுனேன். மத்தப் பிள்ளைக எல்லாம் கதறும், தரையில உருளும், என்னைய அடிக்கும். இவ ஒண்ணுமே செய்யல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. ‘கண்ண மூடிக்கோ ஆத்தா’ன்னேன். மூடல. தாலி முடிச்ச அவுத்துப் பால்ல போடுற வரைக்கும் மூடல. முடிஞ்சதும், ‘அவ்வளவுதானா?’ன்னு கேட்டா. அதுதான் கடைசி. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல.

நான் கேக்கேன், அவளுக்கு ஒரு கீறல் பட்டுச்சா? பட்ருந்தா பேசாம இரு. எம் மேல காறித் துப்பு. படலையே!

இதையும் கேளு. மூணே மாசந்தான். குருவம்மா அவளுக்குத் திரும்பவும் பொட்டு வச்சு விட்டுட்டா. கலர் சேல எடுத்துக் குடுத்துட்டா. வளையல் போட்டு விட்டுட்டா. இப்ப விளாத்திகுளத்துல ஒரு ஜவுளிக் கடையில வேலைக்குப் போறா, தல நெறைய பூ வச்சுக்கிட்டு. ஊரு என்ன சொல்லிச்சு? ஒண்ணும் சொல்லல. வெயில்முத்துப் பெரியவரு அந்தக் கடையிலதான் தைப் பொங்கலுக்கு வேட்டி எடுத்தாராம். என்னைய ‘பெத்தவ சொல்லட்டும்’னு கேட்ட மனுசன்! அப்ப நான் எடுத்தது எதுக்கு? எடுத்ததெல்லாம் அவளுக்குத் திரும்பி வந்துருச்சு. நான்தான் தாயி போயிட்டேன்.

சீனிக்கனிய அப்புறம் ஒரு நாளு தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல பாத்தேன். அன்னிக்கு நின்னா, ஆச்சரியமா. கிட்ட வந்து சொல்றா, ‘அத்த, அன்னிக்கு நீங்க வேண்டாம்னு சொல்லிருவீகன்னுதான் பாத்துக்கிட்டே நின்னேன். செண்பகத்துக்காவது சொல்லுவீகன்னு சாமியக் கும்புட்டுக்கிட்டே நின்னேன்.’ எனக்கு வந்துச்சு பாரு கோவம். ‘அன்னிக்கு ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? இப்ப வந்து சொல்ற’ன்னு கத்திட்டேன். அவ அழுதுக்கிட்டே போயிட்டா. நான் அன்னிக்கு வேலைக்கும் போகல. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கிட்டேன். ரெண்டு நாளு எந்திரிக்கல.

சரி, தாயும் பிள்ளையும் எத்தன நாளைக்குத்தான் இப்படி இருக்கும்? எங்க ஊர்ல அம்மன் கோயில் பொங்கல் வருது. போயிக் கூப்பிட்டா மக வராட்டாலும் பேத்தியவாவது அனுப்புவான்னுதான் இன்னிக்குப் போனேன். வெறுங்கையோடவா போக? பஸ் ஸ்டாண்டுல கண்ணாடி வளையல் ரெண்டு டஜன் வாங்குனேன், செவப்பும் பச்சையுமா. கடைக்காரன் என்னைய ஏற எறங்கப் பாத்தான். நான் எடுத்துக்கூடப் பாக்கல. அஞ்சு வயசுப் பிள்ளை அளவுக்கு நீயே எடுத்துக் காகிதத்துல சுத்திக் குடுப்பான்னுட்டேன்.

அங்க போனா தனு முத்தத்துல விளையாடிக்கிட்டு இருக்கு. ‘தனு, யாரு வந்திருக்கான்னு பாரு’ன்னேன். எம் மடியில தூங்குன பிள்ளை. நிமுந்து பாத்துச்சு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு அப்படியே பின்னாலயே நடந்து போயி குருவம்மா சேலைக்குள்ள மறைஞ்சுக்கிட்டு, ‘ஆச்சி கழட்டிரும், ஆச்சி கழட்டிரும்’னு கத்துது. அன்னிக்கு நான் எல்லாரையும் வெரட்டுனேன்ல? பிள்ளைய யாரும் கவனிக்கல போலுக்கு. கதவு இடுக்குல நின்னு எல்லாத்தையும் பாத்திருக்கு.

குருவம்மா நல்லவ. ‘வாங்க மதினி, உக்காருங்க, காப்பி போடுறேன்’னா. நான் நின்ன எடத்துலயே நின்னேன். செண்பகம் வெளிய வந்தா. ஏழு மாசம் கழிச்சு வாயத் தொறந்தா. அவ கோவப்படக்கூட இல்ல தாயி. அசலூர்க்காரிக்குச் சொல்ற மாதிரி மெதுவாத்தான் சொன்னா. ‘இன்னிக்கு நீ வந்துட்டுப் போனதுக்கே இவ ஒரு வாரத்துக்குக் கைய மூடிக்கிட்டேதாம்மா தூங்குவா. இனிமே வராத.’

வந்துட்டேன். ஒரு வா தண்ணி குடிக்கல.

கோவில்பட்டி வந்துருச்சா? சரி சரி, நீ முன்னால எறங்கு, உனக்கு நேரமாகும். யாரு மேல தப்புன்னு நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் மொகத்தப் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? உனக்குப் பொம்பளப் பிள்ளை இருக்கா? இருக்கா! எத்தன வயசு? ஆறா? அப்பச் சரியா இருக்கும். இந்தா, இதைக் கொண்டு போயிக் குடு. அட வாங்கிக்கோ, யோசிக்காத. காகிதத்த நான் பிரிக்கவே இல்ல பாரு, கடைக்காரன் கட்டுன நூலு அப்படியே இருக்கு. எங் கை படல தாயி.